வழியில் நின்ற கழுத்து

"கழுத்தத் திருப்புனா திரும்புது ஆசானே. மறுநாள் போய்ப் பாத்தா பழையபடி அந்தப் பக்கமே நிக்கு."

செண்பகம் இப்படிச் சொன்னபோது ஆவுடை மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

செண்பகத்துக்கு ஆவுடையைவிட வயது கூடுதல். எண்ணெய் தடவி உடம்பு பிடிக்கும் வேலையில் அனுபவமும் கூடுதல். அவள் கட்டைவிரல் என்றாலே ஊரில் ஒரு பயம் இருந்தது.

ஆனால் ஆவுடை தொட்டவர்கள் மறுபடி வருவதில்லை. செண்பகம் தொட்டவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். அதைக் கொஞ்ச காலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் உறைத்தது. ஆவுடையிடம் தொழில் கற்க வந்து சேர்ந்துவிட்டாள்.

பெண்ணை ஆசான் என்று கூப்பிடலாமா என்று சிலர் கேட்டார்கள்.

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன். அது போதும்" என்றாள் ஆவுடை.

இன்றைக்குத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"யாரு கழுத்து?"

"பிச்சம்மாள் மருமவ வடிவு. பெத்துக் கெடக்க பிள்ள."

பெற்றவளுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இலை போட்டுக் கொதித்த வேது தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குத்தான் செண்பகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரசவத்தில் வடிவு நினைவு தப்பிப்போனாள். கண் விழித்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

குழந்தை வலப்பக்கம், சுவரோரம் கிடந்தது. பெண் குழந்தை. பெற்றவள் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளைய எடுத்து இடப்பக்கம் போட்டுப் பாத்தியளா?"

"போட்டோம். கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. 'அங்க போடாதீங்க, எடம் இல்ல'ங்கா."

"எடம் இல்லியா?"

"ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாம் ஆசானே."

ஆவுடை அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"பால்?"

"அதுதான் சொல்ல வந்தேன். சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிச்சு நீங்க பாத்திருக்கியளா?"

செண்பகம் பார்த்ததில்லை.

"வலது பக்கம் சொட்டு சொட்டாத்தான் வருது. பிள்ளை ரெண்டு வாய் சப்பிட்டு விட்டுருது. எலும்பும் தோலுமா கெடக்கு. இடது பக்கம் தானா வழியுது. பிள்ளை அழும்போது இல்ல. பிள்ளை உறங்கும்போது. யாரோ அழுத மாதிரி."

ஆவுடையின் கத்தி நின்றது.

"இடப்பக்கம் என்ன இருக்கு?"

"கதவு. புறவாசல் கதவு."

"தெறந்திருக்குமா?"

"காத்து அடிக்கும்னு பிச்சம்மாள் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கா."

"நீங்க எந்தப் பக்கம் இருந்து தடவுதீங்க?"

"வலப்பக்கம். எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் இருந்துதானே இழுக்கணும்?"

ஆவுடை கத்தியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மந்திரவாதி வாறானாம்" என்றாள் செண்பகம். "பேய் திருப்பி வெச்சிருக்குன்னு சொல்லுதான். பிரம்பு கொண்டுவருவான். பெத்த ஒடம்பு ஆசானே. அவன் ஓங்கி ஒண்ணு போட்டாம்னா தாங்குமா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தக் குஞ்சும் போயிரும்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பேரை அழ அழப் பிடித்துவிட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆவுடை கையைக் கழுவினாள். துடைத்தாள். செண்பகத்தின் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கழுத்து எந்தப் பக்கம் திரும்பும்?"

"ரெண்டு பக்கமும்."

"பொய்."

"வலப்பக்கம் கொஞ்சம் குறையும்."

"எத்தனை காலமா?"

"அது இருக்கும், ஞாபகம் இல்ல."

ஆவுடை அவள் தலையை இரண்டு கைகளாலும் ஏந்தி இடப்பக்கம் திருப்பத் தொடங்கினாள்.

"அந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு ஆசானே. கொறை வலப்பக்கம்."

"பேசாதீங்க."

விரல்கள் அழுத்தவில்லை. இழுக்கவில்லை. சும்மா இருந்தன. தலை அதன் பாட்டுக்குப் போனது.

"என்ன தெரியுது?"

"நிலைக்கால்."

"இப்ப?"

"கிணறு."

"பொறவு?"

"ஒண்ணும் தெரியல."

ஆவுடை கையை எடுக்கவில்லை. கண்ணின் ஓரத்துக்கு அப்பால், கிணற்றுக்குப் பக்கத்தில், ஏதோ இருந்தது. இன்னும் ஒரு நூல் திரும்பினால் தெரிந்துவிடும். செண்பகத்துக்குத் திரும்ப மனம் இல்லை. அந்த ஒரு நூலுக்கு இப்புறம்தான் தன் கழுத்து இத்தனை காலமும் நின்றிருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"போதும் ஆசானே."

ஆவுடை தள்ளவும் இல்லை, விடவும் இல்லை.

மத்தியான வெயிலில் ஒரு காக்கை கத்திவிட்டு ஓய்ந்தது. செண்பகம் மூச்சை விட்டாள். கழுத்து அந்த ஒரு நூலும் போனது.

வெயில். காலி முற்றம். அவ்வளவுதான்.

அதன் பிறகு தலை தானாகத் திரும்பி வந்தது. நேராக வந்து நிற்கவில்லை. வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. செண்பகம் தன் வலது தோளைத் தானே குனிந்து பார்த்தாள். வெகுநாள் காணாத ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அங்க யாரு இருந்தா ஆசானே?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? கழுத்து உங்களோடது."

ஆவுடை எழுந்து கிழங்குப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"வடிவு கழுத்து அந்தப் பக்கமே நிக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"போய்ச் சேர்ந்து நிக்கல அக்கா. போற வழியில நிக்கு."

*

மறுநாள் உச்சி வெயிலில் செண்பகம் பிச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். வடிவின் புருஷன் வண்டியோடு வெளியூர் போயிருந்தான். வீட்டில் இரண்டு பெண்களும் குழந்தையும்தான்.

பிச்சம்மாள் அறை வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செண்பகம் எண்ணெய்ச் சட்டியோடு போய் வடிவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"ஏன் எடம் மாறி இருக்க?" என்றாள் பிச்சம்மாள்.

"சும்மாதான்."

வடிவு பாயில் கிடந்தாள். கண் தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் தள்ளி இருங்க."

செண்பகம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னும்."

இன்னும் தள்ளினாள். முதுகு கதவில் முட்டிய பிறகுதான் வடிவு பேசாமல் இருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் பாய் வெறுமனே கிடந்தது.

எண்ணெய் எடுக்கக் கையை நீட்டியபோது செண்பகத்தின் விரல் அந்த வெறும் பாயில் பட்டது. பாய் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அங்கே விழவில்லை.

அவள் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நாளைக்கு வரப்போகிற பிரம்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காலில் தொடங்கினாள். பெருவிரல், குதிகால், கெண்டைக்கால். சுடவைத்த எண்ணெய் உள்ளே இறங்க இறங்க வடிவின் சதை இளகிக்கொடுத்தது. இடுப்பில் இருந்த பிடிப்பு முனகிக்கொண்டே விட்டது. விலாவில் மூச்சு ஆழமாக ஓடியது. உடம்பு முழுவதும் வழிக்கு வந்துவிட்டது, கழுத்தைத் தவிர.

காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு நரம்பு, இழுத்துக் கட்டிய கயிறாக நின்றது. மற்ற நாளானால் செண்பகம் கட்டைவிரலை ஊன்றி ஒரு கை பார்த்திருப்பாள். வடிவு அலறியிருப்பாள். நேற்றுவரை அதுதானே நடந்தது.

இன்று உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. விரல்கள் பரபரத்தன. அடக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கைக்கு அடியில் நாடி துடிப்பது தெரிந்தது. வடிவின் நாடி, நிதானமாக, களைத்துப்போய்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தெரிந்தது.

சின்னத் துடிப்பு. வேகமான துடிப்பு. பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றில் கை வைத்துப் பழகியவள் செண்பகம். அந்த வேகம் எதனுடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கழுத்தில் துடிக்கிற துடிப்பு இல்லை.

சுவரோரம் பார்த்தாள். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. வடிவின் ரவிக்கையில் இடப்பக்கம் மட்டும் ஈரம் படர்ந்தது.

செண்பகம் கையை எடுக்கவில்லை.

அப்போது கழுத்து அசைந்தது. இடப்பக்கம்.

"ஏன் அந்தப் பக்கம் திருப்புத?" பிச்சம்மாளின் முறம் நின்றது. "இங்கிட்டுல்லா திருப்பணும்?"

"நான் திருப்பல."

அது உண்மை. தலை போனது. தலைக்குப் பின்னால் தோள் போனது. வடிவு கையை ஊன்றி எழுந்தாள். வெறும் பாயின் அந்த ஒரு முழத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, தவழ்ந்து கதவிடம் போனாள். செண்பகம் அவள் பிடரியில் வைத்த கையோடு கூடவே போனாள். செண்பகம் தள்ளவில்லை. அவளைத்தான் அந்தக் கழுத்து கூட்டிக்கொண்டு போனது.

பிச்சம்மாள் ஓடிவந்தாள். அரிசி தரையெங்கும் சிதறியது. கதவுக்கு முன்னால் நின்று தாழ்ப்பாளைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல" என்றாள்.

யாரும் கேட்டிருக்கவில்லை.

செண்பகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பிச்சம்மாளைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளச் செண்பகத்துக்கு ஒரு கை போதும். அந்த மட்டுக்குப் பலம் இன்னும் இருந்தது.

ஆனால் அவள் இழுக்கவில்லை. எண்ணெய் பிசுபிசுக்கும் இன்னொரு கையை எடுத்துப் பிச்சம்மாளின் மணிக்கட்டின்மேல் வைத்தாள்.

வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

ஒரு கைக்குக் கீழே மருமகளின் கழுத்து. ஒரு கைக்குக் கீழே மாமியாரின் கை. இரண்டும் ஒரே மாதிரி விறைத்திருந்தன.

"அங்க ஒண்ணும் இல்ல செம்பகம்" என்றாள் பிச்சம்மாள் மறுபடியும். இந்தத் தடவை குரல் கெஞ்சியது.

பிச்சம்மாளின் சுண்டுவிரல் முதலில் விட்டது. அப்புறம் மற்ற விரல்கள். கடைசியில் கை முழுக்கத் தொங்கிப்போனது. வடிவு தாழ்ப்பாளை இழுத்தாள்.

புறவாசலில் வெயில் கொளுத்தியது. ஒரு பொருளுக்கும் நிழல் இல்லை. குளியல் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அதை ஒட்டி நாலைந்து வாழை, வாழைக்கடியில் ஓர் அம்மிக்கல்.

அம்மி கவிழ்ந்து கிடந்தது. புது மண்ணை நாய் கிளறாமல் இருக்கக் கவிழ்த்துவைப்பார்களே, அப்படி.

செண்பகம் இத்தனை நாளும் வடிவுக்கு ஊற்றிய வேது தண்ணீரெல்லாம் வாய்க்காலில் ஓடிவந்து வேறெங்கும் போகாமல் அந்தக் கல்லைச் சுற்றித்தான் தேங்கியிருந்தது. அதில் இலை மிதந்தது.

வடிவு கல்லிடம் போய் உட்கார்ந்தாள். கழுத்து குனிந்தது. செண்பகத்தின் கைக்கு அடியில் அந்தக் கயிறு ஒவ்வொரு இழையாக விட்டுக்கொடுத்தது. வடிவின் இடது மார்பிலிருந்து பால் கல்லின்மேல் விழுந்தது.

சின்னத் துடிப்பு நின்றுபோயிருந்தது. ஒரு நாடிதான் இப்போது.

வடிவு கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆணா பொண்ணா?"

பிச்சம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை வாழைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதா வந்துது மக்களே. மூச்சு இல்லாமத்தான் வந்துது. நீ நெனவில்லாமக் கெடந்த. செத்த பிள்ளைய பெத்தவ பாத்தா பால் வத்திப்போவும்பாவ. ஒண்ணாவது பொழைக்கட்டும்னு..."

"ஆணா பொண்ணா அத்தை?"

"பொண்ணு."

வடிவு கல்லைத் தடவினாள். எண்ணெய்க் கையல்லவா, கல் மினுங்கியது.

"யாரு மாதிரி இருந்தா?"

பிச்சம்மாள் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுங்க அத்தை. யாரு மாதிரி இருந்தா?"

"பாக்கல."

"பாக்கலியா?"

"மண்ணுல வெக்கவங்க மூஞ்சப் பாக்கக் கூடாதும்பாவ. பாத்தா கூடவே வந்துரும்னு சொல்லுவாவ. தலையத் திருப்பிக்கிட்டேதான் கொண்டுவந்தேன் மக்களே. திருப்பிக்கிட்டேதான் மண்ணு போட்டேன். ஒரு ஈ எறும்புகூட அவ மூஞ்சப் பாக்கல."

வடிவு திட்டவில்லை, அழவில்லை. அவள் திட்டியிருக்கலாம் என்று செண்பகத்துக்கு இருந்தது.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

செண்பகம் தன் கையைப் பார்த்தாள். கை வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து கழுத்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வடிவு உள்ளே போயிருந்தாள். சிதறிய அரிசியில் கால் பட்டுச் சரசரத்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு வந்து அதே கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது மார்பில் போட்டாள். குழந்தை கவ்விக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தது.

வடிவு குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். காதை விலக்கிப் பார்த்தாள். மூடிய இமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெயிலுக்கு முந்தானையைப் போட்டு மறைத்தாள், மறுபடி விலக்கிப் பார்த்தாள்.

"இப்பிடித்தான் இருந்திருப்பா" என்றாள்.

பிச்சம்மாளின் கழுத்து இன்னும் வாழைப் பக்கமே திரும்பி நின்றது. செண்பகம் அவளை நோக்கி ஓர் அடி வைத்தாள். கையைத் தூக்கினாள். பிறகு வேண்டாமென்று கீழே விட்டுவிட்டாள்.

"மக்களே" என்றாள் பிச்சம்மாள், வாழையைப் பார்த்தபடியே.

"என்ன அத்தை?"

"நானும் பாக்கட்டா?"